ரூத்தின் தலையும் காதரின் தலையும்

ஜெர்மன் யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, என் மகள் ரூத்தைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் இருந்தேன். பிள்ளைக்கு என்னதான் வியாதி என்று எங்கள் சபைப் பெண்கள் இன்னமும் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தியிடமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருக்கிறேன். ஒளிக்கவேண்டும் என்று அல்ல. எனக்கே அது ஒரே விதமாக விளங்கவில்லை. இப்போது நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன்.

நான் கல்யாணத்துக்கு முன் மிஷன் பெண்பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவள். என் கணவர் சாமுவேல் ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயர். ரூத் எங்களுக்கு முதல் பிள்ளை. கால் முன்னே வந்து பிறந்தாள். தலை வெளியே வர நேரமாகி, நீலம் பாய்ந்து, மருத்துவச்சி முதுகில் தட்டித் தட்டி அழவைத்தாள். பிழைத்ததே பெரிது என்று இருந்தோம்.

மூன்றாம் மாதம் ஞானஸ்நானத்துக்கென்று ஒரு குல்லா தைத்தேன். குல்லாவின் நடுத்தையல் மூக்குக்கு நேரே நிற்கவேண்டும். போட்டுப் பார்த்தால் அது வலது காதுப் பக்கம் திரும்பிப் போயிற்று. வெட்டியது பிசகு என்று பிரித்துத் தைத்தேன். மறுபடியும் திரும்பிற்று. இரண்டாம் முறை பிரிக்கும்போது என் தையலின்மேல் எனக்கே கோபம். அப்புறந்தான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் குப்புறப் போட்டு, தலையை மேலிருந்து பார்த்தேன்.

பின்தலையின் வலது பக்கம் பலகையில் அழுத்தியதுபோல் சப்பையாக இருந்தது. அதே பக்கத்து நெற்றி முன்னால் புடைத்திருந்தது. வலது காது இடது காதைவிட முன்னே தள்ளி நின்றது. மூன்று மாதம் தினமும் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்த தலை. இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குப் பார்த்தேனே, இது நேற்று இருந்ததா என்றும் தெரியவில்லை.

மருத்துவச்சியைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இதுக்கா பயந்திய? பச்சைத் தலைல்லா? நல்லெண்ணெய வெச்சு ரெண்டு உள்ளங்கையாலயும் பைய அமுக்கிக் குடுங்க. உருண்டையா வந்துரும்" என்றாள்.

அமுக்கினேன். எட்டு நாள் அமுக்கினேன். ரூத் வீறிட்டு அழுதாள். ஒன்பதாம் நாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கம்பவுண்டராக இருந்த என் கணவரின் அத்தான் லீவில் வந்தார். பிள்ளையைக் கையில் வாங்கியவர் முகம் மாறிற்று.

"ஏளா, தலையில கைய வைக்காத" என்றார் என்னிடம். "எலும்பு ஒரு பக்கம் முன்கூட்டியே ஒட்டிப்போச்சு. மூளை வளர இடம் இருக்காது. தோட்டத்துல இப்பிடி ஒரு பிள்ளைய பாத்திருக்கேன்."

"அது என்னாச்சு?" என்று கேட்டேன்.

"பேச்சு வரல" என்றார்.

என் கணவர் முதலில் ஜெபம் பண்ணுவோம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மருத்துவச்சி சொன்னதும் சரியாக இருக்கலாமே என்றார். சாயங்காலம், "பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலையையெல்லாம் பார்த்தேன், பாதிப் பேருக்குக் கோணல்தான்" என்று சொல்லி என்னைத் தேற்றப் பார்த்தார். அப்படிச் சொன்னவரே மறுநாள் விடியுமுன் வண்டிக்குச் சொல்லிவைத்திருந்தார்.

அணைக்கட்டுப் பாலத்தைத் தாண்டி, வாழைத் தோட்டங்களின் ஊடே போகிற ரஸ்தாவில் வண்டி குலுங்கும்போதெல்லாம் பிள்ளையின் தலையை என் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே போனேன். எந்தப் பக்கத்தில் கையை வைப்பது என்று புரியாமல் மாற்றி மாற்றி வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் காத்திருக்கிற தாழ்வாரம் நிரம்பியிருந்தது. எங்கள் முறை வர மத்தியானம் ஆயிற்று. டாக்டரம்மா வெள்ளைக்காரி. எங்கள் வேதப்புத்தகத் தமிழில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். பக்கத்தில் நர்ஸ் ஞானம்மாள் நின்றாள். அவள் நாசரேத் பக்கத்துப் பெண். டாக்டரம்மா பேசியது எனக்குப் புரிந்ததா என்று என் முகத்தைப் பார்த்து, புரியாவிட்டால் எங்கள் பேச்சில் சொல்லுவாள்.

டாக்டரம்மா உடனே தலையைத் தொடவில்லை. பிள்ளையை மேசையில் மல்லாத்திப் போட்டு, சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடது பக்கம் சாவிக்கொத்தைக் குலுக்கினார். ரூத்தின் கண் அங்கே போயிற்று. கழுத்து போகவில்லை. வலது பக்கம் குலுக்கியதும் தலையே திரும்பிற்று. அதற்கப்புறம் என் சுட்டுவிரலைப் பிடித்துப் பிள்ளையின் தலைமேல் வைத்து, மெதுவாக நடத்திக்கொண்டு போனார்.

குழந்தையின் மண்டை ஒரே எலும்பு அல்லவாம். பல தகடுகள். நடுவில் பொருத்துகள் இருக்கின்றன. மூளை வளர வளரத் தகடுகள் விலகி இடம் கொடுக்கும். உச்சிக்குழி என்று நாம் சொல்வது தகடுகள் கூடுகிற இடத்து மெத்தான வெளி. ஏதாவது ஒரு பொருத்து காலத்துக்கு முன்பே ஒட்டிவிட்டால், அந்தப் பக்கம் வளராமல் வேறு பக்கம் புடைக்கும். ஒட்டின இடம் விரலுக்கு வரப்பு மாதிரித் தட்டுப்படும். இதையெல்லாம் என் விரலைக்கொண்டே எனக்குக் காட்டினார்.

"வரப்பு தட்டுகிறதா, அம்மா?" என்று கேட்டார்.

தட்டியதுபோலும் இருந்தது, தட்டாததுபோலும் இருந்தது. "தெரியலையே" என்றேன்.

"எனக்கும் நிச்சயமில்லை" என்றார் அவர்.

இத்தனை தூரம் வண்டியில் வந்தது இதைக் கேட்கவா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காதவர்போல ரூத்தின் கழுத்தைத் தடவினார். இடது பக்கம் ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே என் விரலையும் வைத்தார். தோலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் கெட்டியாக ஒன்று இருந்தது.

"இது தசை. பிறக்கும்போது இழுபட்டு உள்ளே காயம்பட்டிருக்கலாம். தசை குறுகினால் முகம் வலது பக்கமே திரும்பியிருக்கும். ஒரே பக்கம் கிடந்தால் மெல்லிய தலை சப்பையாகும். அப்படியானால் பொருத்தில் குற்றமில்லை. வலது காது முன்னே வந்திருக்கிறதே, அது நல்ல அடையாளம்."

காது கோணினது எப்படி நல்ல அடையாளம் ஆகும் என்று எனக்கு ஏறவில்லை. ஞானம்மாள் விளக்கினாள்: "கிடந்து கிடந்து அமுங்கினா அந்தப் பக்கம் முழுசும், காதோட சேந்து, முன்னால தள்ளிப் போவும்க்கா. எலும்பு ஒட்டிருந்தா காதை அது பின்னால இழுத்து வெச்சிருக்கும்னு அம்மா சொல்லுதாக."

"அப்ப ஒட்டலையா?"

"அப்பிடியும் சொல்லல. தங்கணும்னு சொல்லுதாக. பாத்துதான் சொல்ல முடியுமாம்."

பிறகு டாக்டரம்மா கேட்ட ஒரு கேள்விதான் என்னை நிலைகுலைய வைத்தது. "எந்த மார்பில் பால் கொடுக்கிறீர்கள்?"

பிரசவமான பத்தாம் நாள் எனக்கு வலது மார்பில் கட்டி வந்து பழுத்து உடைந்தது. அதிலிருந்து இடது பக்கம் மட்டுமே கொடுத்துவந்தேன். இடது கையில் கிடக்கிற பிள்ளை பாலுக்காக வலது பக்கம்தானே முகத்தைத் திருப்பும்? மூன்று மாதமும் அப்படித்தான். கழுத்து திரும்பாததால் தலை சப்பையானதா, நான் பிடித்த பிடியால் சப்பையானதா? போதாதற்கு எட்டு நாள் அமுக்கியிருக்கிறேன். கட்டியைப் பற்றிச் சொன்னேன். அமுக்கினதை அன்றைக்குச் சொல்லவில்லை.

வார்டில் என் பாய்க்கு அடுத்த பாய் ஆமினாவுடையது. மேலப்பாளையத்து நெசவுக் குடும்பம். இருபது வயது இருக்கும். அவள் மகன் காதருக்கு ஐந்து மாதம். ரூத்தின் தலை கோணல் என்றால் காதரின் தலை பெரிது. உச்சிக்குழி உப்பி, நெற்றி நரம்புகள் பச்சையாகத் தெரிய, கருவிழிகள் பாதி கீழ் இமைக்குள் இறங்கியிருக்கும். தலைக்குள் எல்லோருக்குமே கொஞ்சம் நீர் ஊறி வடிந்துகொண்டிருக்குமாம். வடிகிற வழி அடைபட்டால் தேங்கி, ஒட்டாத தகடுகளைத் தள்ளிக்கொண்டு போகுமாம். ஆனால் சில பிள்ளைகளுக்கு அது தானாக நின்றுவிடுவதும் உண்டாம். ஆகவே அவனுக்கும் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

இரண்டு பிள்ளைகளையும் ஒரே மேசையில் அளந்தார்கள். ரூத்துக்கு வாரம் ஒருமுறை. மெல்லிய ஈயப் பட்டையைத் தலையைச் சுற்றி அழுத்தி, உருவம் கெடாமல் எடுத்து, காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைவார்கள். முதல் படம் சாய்ந்த சதுரம் மாதிரி இருந்தது. என் பிள்ளையின் தலை அதுதான் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காதருக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை அளவுநாடா. பதினெட்டரை அங்குலம் என்று முதல் நாள் அட்டையில் எழுதிப் பாயின் தலைமாட்டில் மாட்டினார்கள்.

ஆமினாவுக்கு அந்த எண்கள் வாசிக்கத் தெரியாது. "அக்கா, என்ன போட்டிருக்காக? கூடியிருக்கா?" என்று என்னைத்தான் கேட்பாள். முதல் தடவை கூடவில்லை. அவள் எனக்கு உதவியாக இருந்தாள். ஞானம்மாள் சொல்லிக்கொடுத்தபடி ரூத்தின் தோளை ஒருவர் அமுக்கிப் பிடிக்க, மற்றவர் மோவாயைப் பைய இடது பக்கம் திருப்பவேண்டும். தினம் ஆறு தடவை. பிள்ளை அலறும்போது என் கை தானாக விட்டுவிடும். ஆமினா பிடித்தால் விடமாட்டாள். "அழட்டும்க்கா, அழுதா கழுத்து ஒண்ணும் ஒடிஞ்சிராது" என்பாள். வலது மார்பில் பால் திரும்ப ஊறுவதற்காகப் பூண்டு வேகவைத்து வீட்டிலிருந்து வரவழைத்ததும் அவள்தான்.

என் கணவர் சனிக்கிழமைகளில் வருவார். கூச்ச சுபாவக்காரர். ஆனாலும் அத்தனை பெண்களும் பார்க்க, கிணற்றடியில் என் புடவையையும் பிள்ளைத் துணிகளையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் என்னோடு உட்காருவார். "எலும்பா, கழுத்தா?" என்று கேட்பார். "தெரியல" என்பேன். "எது நல்லது?" என்பார். அதுவும் சரியாகத் தெரியாது எனக்கு. கழுத்தாக இருந்து அது தளராவிட்டால், வருஷம் திரும்பினதும் மயக்கம் கொடுத்துத் தசையை வெட்டவேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

பத்தாம் நாள் டாக்டரம்மா நாலு நாள் கிராமங்களுக்குப் போய்விட்டார். அன்று காதரை அளந்த நர்ஸ் அட்டையில் பதினெட்டே முக்கால் என்று எழுதிவிட்டு அடுத்த வார்டுக்கு ஓடினாள். ஆமினா என்னைப் பார்த்தாள். முதல் நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளையின் தலையையே பார்த்துப் பார்த்துக் கண் உள்ளே போயிருந்தது.

"என்னக்கா? கூடியிருக்கா?"

"இல்ல" என்றேன். "அதேதான்."

சொல்லவேண்டும் என்று யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்துவிட்டது. அவள் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்து, "நின்னுட்டுக்கா, அல்லா காப்பாத்திட்டான்" என்றாள். அன்று இரண்டு வேளையும் சாப்பிட்டாள். மூன்று நாள் கழித்து எண் பத்தொன்பது ஆயிற்று. இப்போது உண்மையைச் சொன்னால் முந்தினது பொய் என்று ஆகுமே. மறுபடியும் "அதேதான்" என்றேன். டாக்டரம்மா வந்ததும் அவரே சொல்லிக்கொள்வார் என்று மனசைச் சமாதானப்படுத்தினேன்.

அவர் வந்தார். அட்டையைப் பார்த்தார். முதுகெலும்பின் கீழே, இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துப் பார்க்கலாம், எடுத்தால் தலைக்குள் இறுக்கம் குறையும், நிச்சயமாகக் குணமாகும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். அதே நேரம் ஆமினாவின் புருஷன் வாசலில் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். மகனுக்கு நின்றுவிட்டது என்று அவள்தான் சொல்லியனுப்பியிருந்தாள்.

"கூடலையே!" என்றாள் ஆமினா. "ரெண்டு தடவையும் கூடல. அக்காதான் வாசிச்சாக. சொல்லுங்கக்கா."

"கூடலைன்னா எதுக்கு ஊசி?" என்றார் அவள் புருஷன். "முதுகுல ஊசி போட்டு இருக்கிற உசுரும் போயிரும். நாங்க வீட்டுக்குக் கொண்டு போறோம்."

ஞானம்மாள் என்னைப் பார்த்தாள். அட்டை அங்கேதான் தொங்கிற்று. நான் பேசாமல் இருந்தாலும் அவள் சொல்லிவிடுவாள். ஆனால் ஆமினா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூடியிருக்கு ஆமினா" என்றேன். "ரெண்டு தடவையும் கூடியிருந்தது. நாந்தான் பொய் சொன்னேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "எதுக்கு?" என்றாள்.



"எம் பிள்ளை தலையில விளையாடிட்டியளே" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

அவள் புருஷன் என் பக்கம் திரும்பி, "அன்னைக்குச் சொன்னது பொய்யி. இப்பச் சொல்லுதது மட்டும் நெசம்னு எப்பிடி நம்ப?" என்றார். அதுவும் நியாயந்தான். டாக்டரம்மா அளவுநாடாவை அவர் கையிலேயே கொடுத்தார். தறியில் உட்காருகிற மனுஷர், அளவு தெரிந்தவர். ஞானம்மாள் முதல் நாள் அளவை நாடாவில் தொட்டுக் காட்டினாள். அவர் மகனின் தலையைச் சுற்றிப் பிடித்து, அந்த இடத்திலிருந்து நாடா எவ்வளவு தள்ளிப் போயிற்று என்று பார்த்தார். இன்னொரு முறை சுற்றினார். பிறகு வாசலுக்குப் போய் வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார்.

அன்று டாக்டரம்மாவிடம் போய், எட்டு நாள் ரூத்தின் தலையை அமுக்கினதையும் சொல்லிவிட்டேன். ஒன்றைச் சொன்ன வாய்க்கு மற்றதையும் அடக்கிவைக்க முடியவில்லை. அவர் திட்டவில்லை. "அதனால் பெரிய கெடுதி வந்திராது. இனிமேல் வேண்டாம்" என்றார்.

காதருக்கு இரண்டு தடவை நீர் எடுத்தார்கள். முதல் தடவைக்குப் பிறகு காய்ச்சல் வந்து இரண்டு நாள் கண் திறக்கவில்லை. ஆமினா தன் பாயை வார்டின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டாள். ரூத்துக்குப் பயிற்சி கொடுக்கும்போது தோளைப் பிடிக்க எனக்கு ஆள் இல்லை. முழங்காலால் அணைத்துக்கொண்டு நானே திருப்பினேன். கை விடாமல் திருப்பக் கற்றுக்கொண்டேன்.

இருபத்திரண்டாம் நாள் எங்களை அனுப்பினார்கள். கடைசிப் படத்தில் சாய்வு ஒரு நூல் அளவு குறைந்திருந்தது. பென்சில் கோட்டின் தடிப்புத்தானோ அது என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். கழுத்து பாதிவரை திரும்பிற்று. "பெரும்பாலும் கழுத்துதான்" என்றார் டாக்டரம்மா. பெரும்பாலும் என்ற வார்த்தையை ஊர் போய்ச் சேரும்வரை சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். காதர் அப்போது கண் விழித்திருந்தான். புறப்படும்போது ஆமினாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போனபோது கழுத்து நன்றாகத் திரும்பிற்று. தசையை வெட்டவேண்டியிருக்கவில்லை. தலை முக்கால்வாசி உருண்டுவிட்டது. என் கைப்பிடியாலா, பிறந்தபோது பட்ட காயத்தாலா, எது முதல் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "இரண்டும் இருக்கலாம். தெரியாது, அம்மா" என்றார். ரூத்துக்கு இப்போது நாலு வயது. வாயாடி. வலது காது இன்னும் கொஞ்சம் முன்னேதான் நிற்கிறது.

போன மாசி மாதம் ரூத்தையும் கூட்டிக்கொண்டு துணி எடுக்க மேலப்பாளையம் போனபோது ஆமினாவின் வீட்டை விசாரித்துப் போனேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிடலாமா என்று நின்றேன். உள்ளேயிருந்து ஒரு குரல், "உம்மா, யாரோ வந்திருக்காக, கூப்பிடு!" என்றது. காதர்தான். சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் தலையணை வைத்து உட்காரவைத்திருந்தார்கள். தலை பெரிதுதான். நடக்கமாட்டான் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் என் பெயர், ஊர், கூட வந்த பிள்ளை யார், அவளுக்கு அல்வா பிடிக்குமா என்று மூச்சுவிடாமல் கேட்டான். தலை வளர்வது ஒரு வயதோடு நின்றுவிட்டதாம். ஊசியால் நின்றதா, தானாக நின்றதா என்று அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

ஆமினா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் அன்றைக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கையை அசைத்து நிறுத்தினாள்.

"அதை விடுங்கக்கா. இவன் பெறந்ததுலேர்ந்து இன்னைவரைக்கும் நான் நல்லாத் தூங்குனது அந்த மூணு நாள்தான்" என்றாள்.

மன்னித்துத்தான் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ரூத்தின் பக்கத்தில் குனிந்து, கேட்காமலே பிள்ளையின் மோவாயைப் பிடித்து, பைய இடது பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.